பாலாற்றுக்கு இருபுறமும் ஒரு சகாய விலைக் கடை

எட்டாம் வகுப்பு வரை படித்த பெண்ணைவிட ஆபத்தான ஜந்து எங்கள் வட ஆர்க்காடு ஜில்லாவில் கிடையாது. படிக்காதவளுக்குத் தனக்கு ஒன்றும் தெரியாது என்பது தெரியும். நிறையப் படித்தவர்களுக்கும் அது தெரியும் என்கிறார்கள். (நான் பார்த்த நிறையப் படித்தவர்கள் யாரும் அப்படி நடந்துகொள்ளவில்லை. அது வேறு கதை.) நடுவில் எட்டாம் வகுப்பில் நிற்கிறாளே, அவளுக்குத்தான் உலகத்தில் தெரிய வேண்டியது ஒன்றும் பாக்கி இருக்காது. நான் அப்படி ஒரு வருஷம் இருந்தேன். அந்த ஒரு வருஷத்தில் ஒரு நல்ல மனிதரின் வியாபாரத்தை ஆற்று மணலில் புதைத்தேன்.

எங்கள் வம்சத்தில் எழுத்து தெரிந்த முதல் ஆள் நான். நைனா மாட்டு வண்டி ஓட்டினார். தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு ஆவாரம்பட்டை ஏற்றிப் போவது அவருடைய தொழில். வீட்டுக்குக் கடிதம் வந்தால் கொண்டு வந்த தபால்காரரே உட்கார்ந்து படித்துக் காட்டி, அழ வேண்டிய இடத்தில் எங்களோடு சேர்ந்து அழுதுவிட்டுப் போவார். நான் பாஸானதும் அந்த மனிதருடைய பாதி வேலையைப் பிடுங்கிக்கொண்டேன். அம்மா உறவுக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சோப்பு சுற்றி வந்த காகிதத்தை என்னைப் படிக்கச் சொல்வாள். நானும் ஏதோ சாசனத்தை வாசிப்பது போலக் குரலை உயர்த்தி வாசிப்பேன். அவர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். இப்படி ஒரு வருஷம் வளர்த்தால் எந்தப் பெண்ணுக்கும் தலை கனக்காமல் என்ன செய்யும்?

அப்போது மஹபூப் சாயபு என்று ஒரு வியாபாரி இருந்தார். தோலில் சம்பாதித்ததை மளிகையில் போட்டவர். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் என்று நான்கு ஊர்களில் ‘சகாய விலை ஸ்டோர்’ வைத்திருந்தார். மற்ற கடைகளைவிட எல்லாச் சாமானும் விலை கம்மி. நான்கு கடையிலும் ஒரே விலை. விலைகளைப் பலகையில் எழுதி வாசலில் மாட்டியிருப்பார்கள். பேரம் பேசக் கூடாது, கடன் கேட்கக் கூடாது.

பேரம் பேசாமல் சாமான் வாங்குவது எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு உப்பில்லாத கூழ் குடிப்பது மாதிரி. இது சாயபுவுக்குத் தெரியும். அதனால் ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். அது கொசுறு. அளந்து போட்ட பிறகு மேலே சும்மா போடுகிற பிடி. "பேரமும் கெடையாது, கொசுறும் கெடையாதுன்னா ஜனங்க கல்லால அடிப்பாங்க," என்பார். கொசுறு எவ்வளவு என்று பலகையில் எழுதவில்லை. அதைக் கடைக்காரன் கைக்கு விட்டிருந்தார்.

விலைப்பலகைகளை முத்து முத்தாக எழுதிக் கொடுக்கும் வேலை, நைனாவின் சிபாரிசில் எனக்குக் கிடைத்தது. ஆம்பூர்க் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து எழுதுவேன். அங்கேதான் சாயபு புதுக் கடைக்கு இடம் பார்க்கும் லட்சணத்தைக் கண்டேன். வண்டிக்காரர்களைக் கூப்பிடுவார்.

"இன்னாப்பா, ஆம்பூர்லேந்து வேலூர் போறப்போ மாட்ட எங்க அவுக்கறே?"

அவர்கள் ஒரு புளியமரத்தையோ தண்ணீர்த் தொட்டியையோ சொல்வார்கள். அங்கே கடை போட்டுவிடுவார். அவ்வளவுதான்! மாடு எங்கே சாணி போடுகிறதோ அங்கே வியாபாரம்! பூகோளத்தில் பள்ளிக்கூடத்துக்கே முதலாவதாக வந்த எனக்கு இது பொறுக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் பரிசாகக் கொடுத்த ஜில்லாப் படத்தை எடுத்துப் போய் மேஜையில் விரித்தேன். கவராயத்தை வைத்து ஒவ்வொரு கடையைச் சுற்றியும் ஒரு வட்டம் போட்டேன். ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவில் எந்த வட்டத்திலும் விழாத ஒரு பெரிய இடம் வெறுமையாகக் கிடந்தது.

"இந்த இடத்து மக்களுக்குச் சகாய விலை எட்டவில்லை," என்றேன். (வீட்டிலும் நான் அந்த வருஷம் இப்படித்தான் பேசினேன். ‘எட்டல’ என்று சொன்னால் படித்தது கழுவிப் போய்விடும் என்று பயம்.)

சாயபு வட்டங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் மனதில் வேறு ஒரு கணக்கு ஓடியது. மதராஸிலிருந்து ஒரு பெரிய வியாபாரி கூட்டுச் சேர்ந்து முதல் போடுவதாக இருந்தார். அந்த மனிதருக்குக் காட்ட இப்படி ஒரு படம் இருந்தால் ஜோராக இருக்கும்.

"சரிம்மா தங்கம். அந்தப் பக்கத்த நீயே பாரு. நான் தோல் விஷயமா கல்கத்தா போறேன், வர ரெண்டு மாசம் ஆவும். குமாஸ்தாகிட்ட சொல்லிட்டுப் போறேன். நீ சொல்ற எடம் நல்லா அமைஞ்சிச்சுன்னா, வேலூர் டீச்சர் ட்ரெயினிங்ல போர்டிங் செலவு மொத வருஷத்துக்கு நான் தர்றேன். போதுமா?"

போதுமாவா! ட்ரெயினிங்குக்குச் சம்பளம் கட்ட வேண்டாம், போர்டிங் செலவுதான் மலை. அது எங்களால் ஆகாது என்றுதான் அம்மா எனக்கு வேறு ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். அந்த ஏற்பாடு அணைக்கட்டு என்கிற ஊரில் இருந்தது. என் தாய்மாமன் மகன். நல்ல உழைப்பாளி, தங்கமான குணம், வேர்க்கடலை பயிரிடுகிறவன். இரண்டு முறை எங்கள் வீட்டுக்கு வந்தான். இரண்டு முறையும் வேர்க்கடலையைப் பற்றி மட்டும் பேசினான். அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்: "கடை ஓடிச்சுன்னா படி. ஓடலன்னா தையில அணைக்கட்டு."

ஆகவே கடை ஓட வேண்டும்.

குமாஸ்தா எழுத்தில் வந்தது எதையும் மறுக்கத் தெரியாத மனிதர். நான் படத்தில் புள்ளி வைத்தால் அவர் வாடகைக்கு இடம் பிடித்துவிடுவார். வெற்றிடத்தின் நட்டநடுவில் நான் கவராயத்தை ஊன்றினேன். முள் நீலத்தில் குத்தியது. பாலாறு! படத்தில் அது எவ்வளவு கம்பீரமாக இருந்தது தெரியுமா? சுண்டுவிரல் அகலத்துக்கு நீலமாக, வளைந்து வளைந்து, இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் இரண்டாகப் பிளந்துகொண்டு போயிற்று. ஆறுகளும் மலைகளும் இயற்கை எல்லைகள் என்று எங்கள் பாடப் புத்தகத்தில் இருந்தது. தென்கரையில் மட்டும் கடை வைத்தால் வடகரை மக்கள் பாவம், நீரலைகளைப் பார்த்தபடி ஏங்கி நிற்பார்களே! அந்தக் காட்சியை நினைத்து எனக்குக் கண்கூடக் கலங்கியது. உடனே தென்கரையில் ஒரு புள்ளி, அதற்கு நேர் எதிரே வடகரையில் ஒரு புள்ளி வைத்தேன்.

முதன்முதலில் சாமான் ஏற்றியது நைனாதான். வண்டியைப் பூட்டிக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, அந்தக் கடையும் நம்முதுதான், இந்தக் கடையும் நம்முதுதான். எதுக்கும்மா மூஞ்சிக்கு மூஞ்சி?"

"இரண்டும் வெவ்வேறு பிரதேசம், நைனா. வடகரைச் சாமானைப் பாலத்து வழியாகக் கொண்டுபோங்கள். படத்தில் பாதை அங்கேதான் இருக்கிறது."

"பாலமா? அது எங்கியோ கீதேம்மா. போய்ச் சேர சாயங்காலம் ஆய்டும்."

"பாதை எங்கே இருக்கிறதோ அங்கேதான் போக வேண்டும்."

நைனா வண்டியில் ஏறி உட்கார்ந்தார். படித்த மகள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினார். மாடுகள் நம்பவில்லை. கரையோரம் வந்ததும் இரண்டும் தாமாகவே ஆற்றுப் பக்கம் திரும்பின. நைனா கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை வலியோடு அன்று பாலத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார். மாடுகளின் அறியாமையை எண்ணி நான் பரிதாபப்பட்டேன்.

தென்கரைக் கடைக்கு முனுசாமி, வடகரைக் கடைக்கு சுபான். இரண்டு பேரும் சின்ன வயதிலிருந்து தோஸ்து. ஒரே பீடியைப் பாதி பாதி குடிப்பவர்கள். இரண்டு மாதத்தில் எந்தக் கடைக்கு ஜாஸ்திக் கூட்டம் வருகிறதோ அந்த ஆளுக்கு வேலூர்ப் பெரிய கடையின் பொறுப்பு என்று குமாஸ்தா மூலமாக அறிவிக்கச் செய்தேன். (இந்த யோசனையும் என்னுடையதுதான். ஒரு தப்போடு நிறுத்திக்கொள்கிற வழக்கம் எனக்கு இல்லை.)

விலையில் கை வைக்க முடியாது. அது பலகையில் இருக்கிறது, அதுவும் என் கையெழுத்தில். கை வைக்கக்கூடியது கொசுறு ஒன்றுதான்.

முதல் வாரம் முனுசாமி, அரிசி வாங்கியவர்களுக்கு ஒரு சிட்டிகை வெல்லம் கொடுத்தான். சேதி எதிர்க்கரைக்குப் போயிற்று. மறுநாள் சுபான் வெல்லத்தோடு நாலு மிளகாயும் போட்டான். முனுசாமி ஒரு தீப்பெட்டி சேர்த்தான். சுபான் சீயக்காய் சேர்த்தான். மூன்றாவது வாரத்தில் ஒரு படி உப்பு வாங்கினால் முழுத் தேங்காய் ஒன்று கிடைத்தது. உப்பைவிடத் தேங்காய் விலை ஜாஸ்தி என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் என்ன? நேற்று வரை ஒரே பீடியைக் குடித்தவன் நாளை வேலூர்ப் பெரிய கடையில் உட்காருவதை எந்தத் தோஸ்து பொறுப்பான்?

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. விடியுமுன் வீட்டைவிட்டுக் கிளம்பி இருட்டிய பிறகு திரும்பும் நான், பகலெல்லாம் ஆம்பூரில் உட்கார்ந்து படத்துக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு தடவை தென்கரைக் கடையைப் பார்க்கப் போனேன். திருவிழாக் கூட்டம். உள்ளே நுழைய முடியவில்லை. அப்படியே பெருமையோடு திரும்பி வந்து கல்கத்தாவுக்குக் கடிதம் எழுதினேன்: ‘இரு கரை மக்களும் அலை அலையாய் வந்தவண்ணம் இருக்கின்றனர்.’ சாயபு பூரித்துப்போய், மதராஸ் வியாபாரியைக் கையோடு கூட்டி வருவதாகப் பதில் போட்டார்.

அம்மாவுக்கு எல்லாம் தெரியும். இரண்டு மாதமும் வாயைத் திறக்கவில்லை.

அவர்கள் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. தோல் ஷாப்புகளுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு, வியாழக்கிழமை சாயங்காலம் கூலி. ஆகவே வெள்ளிக்கிழமையில் ஜனம் கைநிறையக் காசோடு கிளம்பும். அதைக் கணக்குப் போட்டு அந்த நாளைச் சொன்னதும் நான்தான். தொழுகை முடிந்து இரண்டு பேரும் ஜட்காவில் வந்து தென்கரைக் கடையின் பின்பக்கமாக இறங்கினார்கள். மதராஸ் வியாபாரி வெயிலிலும் கோட்டைக் கழற்றாத மனிதர். முனுசாமி முன்பக்கம் கூட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். முதலாளி வந்தது அவனுக்குத் தெரியாது.

பக்கவாட்டுத் தாழ்வாரத்தில் படத்தைத் தொங்கவிட்டு, ஒடிந்த குடைக் கம்பி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நான் தொடங்கினேன்.

"ஆம்பூருக்கும் வேலூருக்கும் இடைப்பட்ட இந்நிலப்பரப்பைப் பாலாறு இரண்டாகப் பிரிக்கிறது. ஆதலால் ஒரு கரையினர் மறு கரைக்கு எளிதில் செல்ல இயலாது. இக்குறையைப் போக்கவே…"

மதராஸ் வியாபாரி கையை உயர்த்தினார். "இரும்மா. இந்த ஆறு எங்க இருக்குது?"

நான் குடைக் கம்பியை நீட்டி அவருக்குப் பின்னால் காட்டினேன். அவர் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

கண்ணுக்கெட்டிய வரைக்கும் மணல். அதன் நடுவில் யாரோ கேழ்வரகு காயப்போட்டிருந்தார்கள். வெள்ளாடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. முலாம்பழக் கொடி ஓடிக் காய்த்திருந்தது. மணலில் தோண்டிய ஊற்றைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பெண்கள் குடத்தோடு உட்கார்ந்து ஊர் வம்பு பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த நட்டநடு ஆற்றில், வடகரைச் சாமானை ஏற்றிக்கொண்டு, நைனாவின் வண்டி நேர் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. (முதல் தடவைக்குப் பிறகு பாலத்துப் பக்கமே அவர் போகவில்லையாம். என் மனம் நோகும் என்று சொல்லவில்லையாம்.)

"இதுவா?" என்றார் மதராஸ் வியாபாரி. "நான் மைதானம்னு நெனச்சேன்."

"மழைக்காலத்தில்…" என்று நான் ஆரம்பித்தேன்.

அதற்குள் ஊற்றண்டையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். இடுப்பில் ஒரு கூடை, தலையில் ஒரு கூடையோடு என் தாயார் நடு ஆற்றில் நின்று இந்தக் கரைக் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"யக்கோவ்! சுபான் இன்னிக்கி சோப்பு தர்றான்! முனுசாமிகிட்ட இன்னா?"

எங்களுக்கு முதுகைக் காட்டி நின்ற முனுசாமி வாசலில் தாவிக் குதித்தான்.

"சோப்புதானே? நான் அரைப்படி வெல்லமே தர்றேன், வா யக்கா! அந்தக் கஞ்சப் பயகிட்ட எதுக்குப் போற?"

அந்தக் கரையிலிருந்து சுபானின் குரல் மணலைத் தாண்டி வந்தது. "யாருடா கஞ்சன்? ரெண்டு சோப்பு! தேங்கா!"

ஊற்றைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் குடங்களை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார்கள். பாதி கூட்டம் இந்தப் பக்கம் ஓடியது, பாதி கூட்டம் அந்தப் பக்கம் ஓடியது. சில பேர் நடுவிலேயே நின்று இன்னும் ஏறட்டும் என்று காத்திருந்தார்கள். அதில் முதல் ஆள் என் அம்மா.

மஹபூப் சாயபு ஒரு சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்தார். முனுசாமி இப்போதுதான் அவரைப் பார்த்தான். கையிலிருந்த வெல்லத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டான்.

"ஏம்மா தங்கம்," என்றார் சாயபு, மெதுவாக. "நீ எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சே?"

"வடகரை மிஷன் பள்ளிக்கூடம்."

"உங்க ஊடு?"

"தென்கரை."

"எத்தினி வருஷம் படிச்சே?"

"எட்டு வருஷம்."

"தெனமும் எப்பிடிப் போவே?"

"நடந்து."

"எது மேல?"

நான் வாயைத் திறந்திருந்தால் அன்று எந்தத் தமிழும் வந்திருக்காது, எழுத்துத் தமிழும் சரி, எங்கள் வீட்டுத் தமிழும் சரி. எட்டு வருஷம் தினம் இரண்டு வேளை அந்த மணலில் நடந்து போய், நடந்து வந்து, ஆற்றைக் கடக்க முடியாது என்று கற்றுக்கொண்டு வந்தவள் நான். மதராஸ் வியாபாரிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. கோட்டைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

சாயபு சிரிக்கவில்லை. அப்படிச் சிரித்திருந்தால் எனக்கு அழுகை வந்திருக்காது. அவர் எழுந்து என் படத்தைச் சுருட்டி என் கையிலேயே கொடுத்தார்.

"உன் போர்டிங் செலவுக்கு வெச்சிருந்ததெல்லாம் கொசுறாப் போச்சும்மா," என்றார்.

அவ்வளவுதான். வடகரைக் கடையை அந்த வாரமே மூடினார்கள். வேலூர்ப் பெரிய கடை இரண்டு பேருக்கும் கிடைக்கவில்லை. முனுசாமியும் சுபானும் தென்கரைக் கடையில் ஒன்றாக வேலைக்கு நின்று, பழையபடி ஒரே பீடியைக் குடித்து, என்னைத் திட்டுவதில் புதிய ஒற்றுமை கண்டார்கள். மதராஸ் வியாபாரி, நம்ப மாட்டீர்கள், முதல் போட்டார். இனிமேல் படம் பார்த்துக் கடை வைக்கக் கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை. மறுபடியும் வண்டிக்காரர்களைக் கூப்பிட்டு மாட்டை எங்கே அவிழ்க்கிறாய் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அப்படி வைத்த கடைகள் இன்றைக்கும் ஜோராக ஓடுகின்றன. அந்த வழியாகப் போகும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அம்மா வந்து என் காலைத் தட்டினாள்.

"எழுந்து வாடி. பேஜார் பண்ணாதே."

வீட்டின் பின்புறம் கூட்டிப் போனாள். விறகு அடுக்கியிருந்த இடத்தில் விறகை நகர்த்தினாள். அதற்குப் பின்னால் பானை பானையாக வெல்லம். ஒரு கோணி நிறையத் தேங்காய். தீப்பெட்டிகள், சோப்புகள், சீயக்காய், இடுப்பு உயரத்துக்கு மிளகாய். இரண்டு மாதமாக இரண்டு கரையிலும் நின்று என் தாயார் வசூல் செய்த கொசுறு!

"உன் போர்டிங்குக்கு," என்றாள்.

"கொசுறில் நான் படிக்கமாட்டேன்," என்றேன்.

"சரி. தையில அணைக்கட்டு," என்றாள் அம்மா. "நானும் அந்தப் பையன்கிட்டப் பேசிப் பார்த்துட்டேன். நல்லவன்தான். கடலையத் தவிர வேற பேச்சு இல்ல. நீ அங்க போனா ஒரு வாரத்துல பைத்தியம் புடிச்சிடும்டி, உனக்கோ அவனுக்கோ."

ஐந்து நிமிஷத்துக்கு மேல் என் மானம் தாங்கவில்லை.

அவ்வளவு சாமானை யாருக்கு விற்பது? அம்மா யோசிக்கவே இல்லை. நைனாவின் வண்டியில் ஏற்றி நேரே ஆம்பூருக்குப் போய் மஹபூப் சாயபுவுக்கே விற்றாள். நான் வண்டியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். சாயபு ஒவ்வொரு பானையாகத் திறந்து பார்த்தார். அவருடைய வெல்லம், அவருடைய தேங்காய், அவருடைய சோப்பு. எல்லாவற்றையும் எடை போட்டு, பலகையில் என் கையெழுத்தில் இருந்த விலைக்கே வாங்கிக்கொண்டார். அப்புறம் கையை நீட்டினார்.

"எங்கம்மா கொசுறு?"

அம்மா சளைக்காமல் ஒரு தேங்காயை எடுத்து அவர் கையில் வைத்தாள். அப்போதுதான் அவர் சிரித்தார்.

முதல் வருஷம் போர்டிங்கில் அப்படித்தான் சாப்பிட்டேன். இரண்டாவது வருஷத்துக்கு உபகாரச் சம்பளம் கிடைத்தது, அது என் சொந்தச் சம்பாத்தியம். (இதை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.) முதல் வருஷம் தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது பாலாற்றில் வெள்ளம் வந்தது. சுழித்துக்கொண்டு, இரண்டு கரையும் முட்ட, சத்தியமாகப் படத்தில் இருந்த மாதிரியே வந்தது. ‘பார்த்தீர்களா!’ என்று சொல்ல நான் கரை நெடுக ஆள் தேடி ஓடினேன். எல்லாரும் புதுத் தண்ணீருக்குத் தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்துவதில் மும்முரமாக இருந்தார்கள். மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்துவிட்டது.

இப்போது நான் டீச்சராகி நாலு வருஷம் ஆகிறது. பாஸான பத்திரம் எழுத்தும் முத்திரையுமாகப் பெட்டியில் இருக்கிறது. ஆனாலும் ஊரில் எனக்குப் பெயர் கொசுறு டீச்சர். சந்தைக்குப் போனால் கத்தரிக்காய்க்காரி நிறுத்துவிட்டு, மேலே நாலு காயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி என் முகத்தைப் பார்க்கிறாள். "வேண்டாம்," என்று சொல்லித் தலையை நிமிர்த்தி நான் விறுவிறுவென்று நடந்துவிடுவேன்.

பின்னால் வரும் அம்மா முந்தானையை விரித்து வாங்கிக்கொள்வாள்.